பி.கே.பானர்ஜி: ரயில்வே வேலையை விடாமலே இந்திய கால்பந்தின் உச்சம் தொட்டவர் - மரக்காணம் கடற்கரைக்கு அவர் வாழ்க்கை சொல்வது என்ன?

சென்னையில் இருந்து ஈசிஆர் வழியாகப் புதுச்சேரிக்குப் போகிறவர்களுக்கு மரக்காணம் என்றால் கண்ணுக்குத் தெரிவது உப்பளம்தான். சாலையை ஒட்டிக் கட்டம் கட்டமாகப் பாத்திகள், வரப்பில் குவித்து வைத்த உப்பு, தலையில் கூடையோடு நடக்கும் பெண்கள்.

இந்த வேலை வருஷம் முழுக்க இருக்காது. வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் பாத்தியில் தண்ணீர் நிறைந்துவிடும், உப்பு வாருவது நின்றுவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேலை இல்லாத தொழிலாளர் குடும்பங்களுக்குத் தமிழ்நாடு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் அறிவித்ததே இதனால்தான்.

இப்படிப்பட்ட வீட்டில் ஒரு பையனோ பொண்ணோ ஃபுட்பால் நல்லா ஆடினால், பெற்றவர்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "இதை வெச்சு வேலை கிடைக்குமா?"

விளையாட்டை மதிக்காததால் வரும் கேள்வி அல்ல இது. மாதச் சம்பளம் இல்லாத வீட்டில் இதுதான் நியாயமான கேள்வி. இந்திய கால்பந்தின் மிகப் பெரிய வீரர்களில் ஒருவர் இதே கேள்வியோடுதான் தன் வாழ்க்கையைத் தொடங்கினார். அவர் பெயர் பிரதீப் குமார் பானர்ஜி. சுருக்கமாக, பி.கே.

வீரர், பயிற்சியாளர், எழுத்தாளர் என்று மூன்று கட்டங்களாகப் போன அவரது வாழ்க்கையை இப்போது பார்க்கலாம்.

யார் இந்த பி.கே.?

1936 ஜூன் 23-ம் தேதி, இன்றைய மேற்கு வங்கத்தின் ஜல்பாய்குரி அருகே உள்ள மைனாகுரியில் பிறந்தவர். பிறகு குடும்பம் ஜாம்ஷெட்பூருக்கு இடம் மாறியது. அப்போது அந்த எஃகு நகரம் பீகார் மாநிலத்தில் இருந்தது. பள்ளி வயதிலேயே சந்தோஷ் டிராபியில் பீகார் அணிக்காக ஆடும் அளவுக்கு பி.கே. வளர்ந்துவிட்டார்.

1954-ல் கொல்கத்தா வந்து ஆர்யன் கிளப்பில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே ஈஸ்டர்ன் ரயில்வே அணிக்கு மாறினார். 1955-லேயே டாக்காவில் நடந்த நான்கு நாடுகள் போட்டியில் இந்திய அணிக்காகக் களம் இறங்கினார். அப்போது அவருக்கு 20 வயதுகூட ஆகவில்லை.

அவர் ஆடியது வலது ஓரத்தில். பந்தை எடுத்துக்கொண்டு கோட்டை ஒட்டி ஓடுவது, எதிரணி வீரரைக் கடந்ததும் உள்ளே திரும்பி வலுவாக அடிப்பது. இந்த இரண்டும் அவரது அடையாளம் ஆயின.

ஏன் பெரிய கிளப்புக்குப் போகவில்லை?

கொல்கத்தாவில் கால்பந்து என்றாலே மூன்று பெயர்கள்தான். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங். இந்த மூன்றில் ஒன்றுக்கு ஆடினால்தான் ஒரு வீரருக்குப் பெயரும் ரசிகர் கூட்டமும் கிடைக்கும் என்ற நிலை.

ஆனால் இந்திய அணியின் கேப்டனாகவே உயர்ந்த பி.கே., இந்த மூன்றில் எதற்கும் ஆடவே இல்லை. 1955 முதல் 1967-ல் ஓய்வு பெறும் வரை அவர் கிளப் ஈஸ்டர்ன் ரயில்வேதான்.

காரணம் குடும்பம். தந்தையின் உடல்நிலை சரியில்லாமல் போனதும், வீட்டுப் பொறுப்பு மூத்த மகனின் தோளில் விழுந்தது. அந்தக் காலத்தில் கிளப் கால்பந்தை நம்பி ஒரு குடும்பம் வாழ முடியாது. ரயில்வேயில் நிரந்தர வேலை இருந்தது, மாதா மாதம் சம்பளம் வந்தது. பி.கே. அதைப் பிடித்துக்கொண்டார்.

இந்த முடிவால் அவர் ஆட்டம் குறைந்துவிட்டதா என்றால், இல்லை. 1958-ல் ஈஸ்டர்ன் ரயில்வே கொல்கத்தா லீக் பட்டத்தையே வென்றது. இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு கணக்கு போதும். அந்த மூன்று பெரிய கிளப்புகளைத் தாண்டி வேறொரு அணி மறுபடியும் அந்தப் பட்டத்தை வெல்ல 61 ஆண்டுகள் ஆனது. 2019-ல் பீர்லெஸ் அணி அதைச் செய்தது.

மெல்போர்ன், ரோம், ஜகார்த்தா: அந்தப் பொற்காலத்தில் நடந்தது என்ன?

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்ஸ்: பயிற்சியாளர் ஹைதராபாத்தைச் சேர்ந்த சையது அப்துல் ரஹீம். காலிறுதியில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று இந்தியா வீழ்த்தியது. நெவில் டிசோசா ஹாட்ரிக் அடித்தார். அரையிறுதியில் யூகோஸ்லாவியாவிடம் தோல்வி, முடிவில் 4-ம் இடம். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் சிறந்த இடம் இன்றைக்கும் அதுதான்.

1960 ரோம் ஒலிம்பிக்ஸ்: கேப்டன் பி.கே. ஹங்கேரி, பிரான்ஸ், பெரு இருந்த கடினமான பிரிவு. பிரான்ஸுக்கு எதிராக பி.கே. அடித்த கோலால் ஆட்டம் 1-1 என்று டிராவில் முடிந்தது. மற்ற இரண்டிலும் தோல்வி. அதற்குப் பிறகு இந்திய கால்பந்து அணி ஒலிம்பிக்ஸுக்குத் தகுதி பெறவே இல்லை.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு: இதுதான் உச்சம். முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 0-2 என்று தோற்ற அணி, அதே தென் கொரியாவை இறுதிப் போட்டியில் சந்தித்தது. மைதானம் முழுக்க இந்தியாவுக்கு எதிரான கூட்டம். இஸ்ரேல், தைவான் அணிகளை இந்தோனேசியா அனுமதிக்காததை இந்திய விளையாட்டு நிர்வாகி ஒருவர் விமர்சித்ததுதான் அந்தக் கோபத்துக்குக் காரணம்.

அந்தச் சத்தத்துக்கு நடுவே 17-வது நிமிடத்தில் பி.கே. கோல் அடித்தார். அடுத்த சில நிமிடங்களில் ஜர்னைல் சிங் இரண்டாவது கோல். முடிவு 2-1, தங்கம் இந்தியாவுக்கு. இந்திய ஆண்கள் கால்பந்து அணி ஆசிய விளையாட்டில் அதற்குப் பிறகு தங்கம் வெல்லவில்லை.

இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது. ஜர்னைல் சிங் உண்மையில் தடுப்பாட்டக்காரர். போட்டித் தொடரின் நடுவில் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தது. ரஹீம் அவரை வெளியே உட்கார வைக்காமல், முன்களத்தில் இறக்கினார். அவர் அரையிறுதியிலும் இறுதியிலும் கோல் அடித்தார். ஒரு பயிற்சியாளர் ஆளை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதை பி.கே. அருகில் இருந்து பார்த்தார். பிற்காலத்தில் அவர் பயிற்சியாளர் ஆனபோது அந்தப் பாடம் கைகொடுத்தது.

அந்த அணியில் தமிழர்கள் யார்?

அந்தக் காலத்து இந்திய முன்களத்தை மூன்று பெயர்களில் சொல்வார்கள். பி.கே., சுனி கோஸ்வாமி, துளசிதாஸ் பலராம்.

இந்த பலராம், செகந்திராபாத் பக்கம் அம்முகுடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். ரோமில் ஹங்கேரிக்கு எதிராகக் கோல் அடித்தவர். உடல்நலக் குறைவால் 1963-லேயே, 27 வயதை ஒட்டி ஆட்டத்தை விட வேண்டியதாயிற்று.

ஜகார்த்தா இறுதியில் கோல் கம்பத்துக்கு முன் நின்றவர் பீட்டர் தங்கராஜ். ராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டரில் சென்டர் ஃபார்வர்டாக ஆடிக்கொண்டிருந்தவர் அங்கேதான் கோல்கீப்பராக மாறினார். ஆட்டத்துக்குப் பிறகு பயிற்சியாளராகவும் இருந்தார்.

ரோம் அணியில் இருந்த இன்னொரு தமிழர் சைமன் சுந்தரராஜ். இவரும் பயிற்சியாளர் ஆனார். கேரளா முதல் முறையாக சந்தோஷ் டிராபி வென்றது 1973-ல். அந்த அணியின் பயிற்சியாளர் சைமன் சுந்தரராஜ்தான்.

ஆட்டம் முடிந்த பிறகு என்ன செய்தார் பி.கே.?

1967-ல் அவர் ஓய்வு பெற்றபோது வயது 31. ரயில்வே வேலை இருந்ததால் வீட்டுக் கவலை இல்லை. ஆனால் ஆட்டம் அவரை விடவில்லை. பயிற்சியாளர் ஆனார்.

1972-ல் ஈஸ்ட் பெங்கால் அணி அவரை அழைத்தது. வீரராக எந்தப் பெரிய கிளப்பின் வாசலையும் மிதிக்காதவர், பயிற்சியாளராக அங்கே நுழைந்தார். 1970 முதல் 1975 வரை தொடர்ந்து 6 முறை கொல்கத்தா லீக் வென்ற ஈஸ்ட் பெங்கால் வரிசையில், கடைசி 4 பட்டங்கள் பி.கே. காலத்தில் வந்தவை.

1975 செப்டம்பர் 30 அன்று ஐஎஃப்ஏ ஷீல்டு இறுதிப் போட்டி. எதிரே மோகன் பகான். முடிவு 5-0. ஷ்யாம் தாபா மட்டும் இரண்டு கோல். இந்த இரு அணிகள் மோதிய ஆட்டங்களில் இன்றைக்கும் பேசப்படும் பெரிய வெற்றி இது.

அடுத்த ஆண்டு நடந்ததுதான் வேடிக்கை. தோற்ற மோகன் பகானே பி.கே.வை அழைத்துக்கொண்டது. 1976 லீக்கில் ஈஸ்ட் பெங்காலுக்கு எதிரான ஆட்டம் தொடங்கி 17-வது வினாடியில் மோகன் பகானின் அக்பர் கோல் அடித்தார். அதுவே வெற்றி கோலாக நின்றது.

1977 செப்டம்பர் 24 அன்று ஈடன் கார்டனில் இன்னொரு சரித்திரம். உலகமே கொண்டாடிய பீலே, நியூயார்க் காஸ்மோஸ் அணியோடு கொல்கத்தா வந்தார். மழையில் நனைந்த மைதானத்தில் பி.கே.யின் மோகன் பகான் அந்த அணியோடு 2-2 என்று டிரா செய்தது. பீலேவைக் கவனிக்கும் பொறுப்பு கௌதம் சர்க்காருக்கு.

'வோகல் டானிக்' என்றால் என்ன?

பி.கே.யின் பயிற்சி முறைக்குக் கொல்கத்தா பத்திரிகைகளும் ரசிகர்களும் வைத்த பெயர் 'வோகல் டானிக்'. அதாவது, பேச்சாலே கொடுக்கும் சத்து மருந்து.

ஆட்டத்துக்கு முன்பும் இடைவேளையிலும் உடை மாற்றும் அறையில் அவர் பேசுவார். சில வீரரைத் தட்டிக் கொடுப்பார், சிலரைச் சீண்டிவிடுவார். யாருக்கு எது தேவை என்று தெரிந்து பேசுவதுதான் விஷயம்.

இதை வெறும் வாய்ச்சொல் என்று நினைத்தால் தப்பு. அந்தக் காலத்தில் இந்திய அணிகளுக்கு மனநல நிபுணர் கிடையாது, வீடியோ பகுப்பாய்வு கிடையாது. வீரர்கள் பல பேர் சாதாரணக் குடும்பத்தில் இருந்து வந்தவர்கள், மனசுக்குள் ஆயிரம் கவலை. அதைப் படித்துப் பேசும் ஆள் அணிக்கு ஒரு பலம். சம்பளத்துக்கும் ஆட்டத்துக்கும் நடுவில் தானே நின்றவர் என்பதால் பி.கே.வுக்கு அந்தக் கவலை புரிந்தது.

சால்ட் லேக்கில் 1.3 லட்சம் பேர் கூடியது எதற்கு?

உப்பளக் கரை வாசகர்களுக்குப் பொருத்தமான பெயர்தான். கொல்கத்தாவின் சால்ட் லேக் பகுதி, உப்புநீர்ச் சதுப்பு நிலத்தைத் தூர்த்து உருவாக்கிய நகரம். அங்கேதான் அந்தப் பிரம்மாண்ட ஸ்டேடியம் இருக்கிறது.

1997 ஜூலை 13. ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி, ஈஸ்ட் பெங்கால் எதிர் மோகன் பகான். ஈஸ்ட் பெங்கால் பயிற்சியாளர் பி.கே. மோகன் பகான் பயிற்சியாளர் அமல் தத்தா. இவரும் முன்னாள் இந்திய வீரர்தான். சொந்தக் காசில் இங்கிலாந்து போய்ப் பயிற்சிப் படிப்பு முடித்தவர். 'டைமண்ட்' என்ற தாக்குதல் வியூகத்தால் அந்த சீசனில் எல்லாரையும் வென்றுகொண்டிருந்தார்.

போட்டிக்கு முன் வார்த்தைப் போர் சூடு பிடித்தது. ஸ்டேடியத்துக்கு வந்தவர்கள் 1,31,000-க்கும் மேல். இந்தியாவில் ஒரு கால்பந்து ஆட்டத்துக்குக் கூடிய மிகப் பெரிய கூட்டமாக இது சொல்லப்படுகிறது. பாய்ச்சுங் பூட்டியா ஹாட்ரிக் அடிக்க, ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று வென்றது. அப்போது பி.கே.வுக்கு வயது 61.

இதற்கு நடுவே 1991 முதல் 1997 வரை ஜாம்ஷெட்பூரில் உள்ள டாடா கால்பந்து அகாடமியின் தொழில்நுட்ப இயக்குநராகவும் இருந்தார். அவர் சிறுவனாக ஆடிய அதே ஊரில், அடுத்த தலைமுறைப் பையன்களை வளர்க்கும் வேலை.

எழுத்தாளர் பி.கே.

மைதானத்தில் பேசியதை பி.கே. காகிதத்திலும் தொடர்ந்தார். நாளிதழ்களில் கால்பந்து பற்றி எழுதினார், தொலைக்காட்சியில் ஆட்டத்தை விளக்கினார். 'பியாண்ட் 90 மினிட்ஸ்' என்ற பெயரில் அவரது தன்வரலாறும் வந்தது.

இது ஏன் முக்கியம்? 1956, 1960, 1962 ஆட்டங்களின் முழுமையான வீடியோ பதிவு இன்றைக்குப் பார்க்கக் கிடைப்பது அரிது. அந்த அணி எப்படி ஆடியது, ரஹீம் என்ன சொல்லிக் கொடுத்தார் என்பதெல்லாம் உள்ளே இருந்தவர்கள் சொன்னால்தான் உண்டு. ரஹீம் 1963-லேயே புற்றுநோயால் இறந்துவிட்டார். எழுதியும் பேசியும் அந்த நினைவைக் காப்பாற்றியவர்களில் பி.கே. முக்கியமானவர்.

தமிழ் வாசகர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது. பி.கே.வைப் பற்றி வங்காளத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதே அணியில் தோளோடு தோள் நின்ற பலராம், தங்கராஜ், சைமன் சுந்தரராஜ் ஆகியோரைத் தமிழ்நாட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்? கோல் அடித்தால் மட்டும் பெயர் நிற்காது. அதை யாராவது எழுதி வைக்க வேண்டும்.

வெளிநாட்டில் இப்படி யாராவது இருக்கிறார்களா?

நல்ல உதாரணம் நார்வேயின் நில்ஸ் ஆர்னே எகன். 1941-ல் பிறந்தவர், நார்வே தேசிய அணியின் தடுப்பாட்டக்காரர். பிறகு டிரான்ட்ஹெய்ம் நகரின் ரோசன்போர்க் கிளப் பயிற்சியாளர்.

1992 முதல் 2004 வரை தொடர்ந்து 13 முறை நார்வே லீக்கை வென்றது ரோசன்போர்க். அதில் பெரும்பாலான பட்டங்கள் எகன் காலத்தவை. 1996 டிசம்பரில் சாம்பியன்ஸ் லீக்கில் இத்தாலியின் ஏசி மிலன் அணியை அதன் சொந்த மைதானத்திலேயே 2-1 என்று வீழ்த்தினார்கள்.

1999-ல் எகன் ஒரு புத்தகம் கொண்டுவந்தார். பெயர் 'கோட்ஃபோட்டன்'. தமிழில் 'நல்ல கால்' என்று சொல்லலாம். ஒவ்வொருவருக்கும் எது பலமோ அதைச் செய்யவிட வேண்டும், பக்கத்தில் இருப்பவரின் பலம் வெளிப்படும்படி ஆட வேண்டும் என்பதுதான் அதன் சாரம். கால்பந்தைத் தாண்டி, நிறுவனங்களும் பேசிய கருத்து அது.

எகன் 2022 ஜனவரியில் காலமானார். குளிர் நாட்டு எகனும் கொல்கத்தா பி.கே.யும் செய்தது ஒன்றுதான். காலில் கற்றதை வாயால் சொல்லிக் கொடுத்தார்கள், பிறகு எழுத்தில் விட்டுப் போனார்கள்.

பி.கே.வுக்குக் கிடைத்த மரியாதை என்ன?

அர்ஜுனா விருது 1961-ல் தொடங்கியபோது, அதைப் பெற்ற முதல் கால்பந்து வீரர் பி.கே.தான். 1990-ல் பத்மஸ்ரீ. 2004-ல் ஃபிஃபா தன் நூற்றாண்டையொட்டி ஆர்டர் ஆஃப் மெரிட் கௌரவம் கொடுத்தது.

2020 மார்ச் 20 அன்று கொல்கத்தாவில் 83 வயதில் காலமானார். அடுத்த சில வாரங்களில், ஏப்ரல் 30 அன்று சுனி கோஸ்வாமியும் போனார். மூவரில் கடைசியாக பலராம் 2023 பிப்ரவரியில் மறைந்தார்.

அகில இந்திய கால்பந்து கூட்டமைப்பு, பி.கே.யின் பிறந்த நாளான ஜூன் 23-ஐ அடித்தளக் கால்பந்து தினமாக அறிவித்தது. ஊர் மைதானத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக் கொடுப்பவர்களுக்கான நாள் அது.

சரி, மரக்காணத்தில் ஆடும் பிள்ளைக்கு இதில் என்ன இருக்கிறது?

முதலில் வேலை. பி.கே. காலத்தில் ரயில்வே கொடுத்த வாய்ப்பு இன்றைக்கும் அடியோடு போய்விடவில்லை. ரயில்வே, ராணுவம், காவல்துறை எல்லாவற்றிலும் விளையாட்டு வீரர்களுக்கு இடம் உண்டு. தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது.

பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. இதே கிழக்குக் கடற்கரையில், புதுச்சேரிக்குத் தெற்கே உள்ள கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்தியப் பெண்கள் அணிக்கு ஆடியவர். தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர்.

ஆனால் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. இந்த ஒதுக்கீட்டில் சேர, எந்த மட்டத்தில் ஆடினோம் என்பதற்கான சான்றிதழ் வேண்டும். ஊரில் எவ்வளவு நன்றாக ஆடினாலும், அங்கீகரிக்கப்பட்ட மாவட்ட, மாநில, தேசியப் போட்டிகளில் ஆடிய பதிவு இல்லாவிட்டால் அது கணக்கில் வராது. ஆகவே பள்ளி அணி, மாவட்ட அணித் தேர்வு எப்போது என்று விசாரித்து வைப்பதும், வாங்கிய சான்றிதழைப் பத்திரமாக வைப்பதும் பயிற்சி அளவுக்கு முக்கியம்.

இரண்டாவது, பயிற்சியாளர் வேலை. இந்திய அணிக்கு ஆடியிருந்தால்தான் பயிற்சியாளர் ஆகலாம் என்று இல்லை. அகில இந்திய கால்பந்து கூட்டமைப்பின் பயிற்சியாளர் லைசன்ஸ் கீழ்ப்படியில் தொடங்கி டி, சி, பி, ஏ, ப்ரோ என்று மேலே போகிறது. பள்ளிகளும் அகாடமிகளும் ஆள் எடுக்கும்போது இந்த லைசன்ஸைப் பார்க்கின்றன. 22 வயதில் மாநில அணியில் இடம் கிடைக்காமல் போன ஒருவருக்கு ஆட்டம் அத்தோடு முடிந்துவிடுவதில்லை.

மூன்றாவது, எழுத்து. மரக்காணத்திலும் சுற்றியுள்ள மீனவக் கிராமங்களிலும் யார் யார் ஆடினார்கள், எந்த ஊர் அணி எந்தக் கோப்பை வென்றது என்பதெல்லாம் பெரியவர்கள் வாய்ப்பேச்சில்தான் இருக்கிறது. அதைக் கேட்டு எழுதி வைக்க லைசன்ஸ் தேவையில்லை. கையில் இருக்கும் செல்போன் போதும்.

பெற்றவர்கள் கேட்கும் கேள்விக்கு பி.கே. வாழ்க்கை ஒரு நேர்மையான பதிலைத் தருகிறது. வேலை முதலில், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பெரிய கிளப்புக்கு ஆடாதவர் நாட்டுக்குக் கேப்டன் ஆனார். 31 வயதில் ஆட்டத்தை விட்டவர், 61 வயதில் லட்சம் பேர் நடுவே தன் அணியை ஜெயிக்க வைத்தார். மாதச் சம்பளம் அவர் ஆட்டத்துக்குத் தடையாக இருக்கவில்லை. 30 ஆண்டுகள் மைதானத்தை விட்டுப் போகாமல் இருக்க அதுதான் அவருக்குக் கைகொடுத்தது.